முகூர்த்த நாளில் பல்டி கிடையாது

"வெறி இருக்கறவன் நிப்பான் தம்பி, இல்லாதவன் தானா உதிர்ந்துடுவான்."

தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர் பக்கம் சிலம்பமோ குங்ஃபூவோ கற்றுக்கொள்ளப் போன எவரும் இந்த வசனத்தைக் கேட்காமல் வீடு திரும்பியிருக்க மாட்டார்கள். மாஸ்டர் சொல்வார். மாஸ்டருக்கு முந்தியே செல்போனில் ரீல்ஸ் சொல்லியிருக்கும். பின்னணியில் பறை அதிர, ஒருவன் அந்தரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி மணலில் கால் ஊன்றுவான். மேலே எழுத்து ஓடும்: வலியைத் தாங்கு, பயத்தைக் கொல், விட்டுக்கொடுக்காதே. பல்டி, பட்டர்ஃப்ளை கிக், 540 உதை என்று ஆளைத் தலைகீழாக்கும் வித்தைகள் அத்தனைக்கும் இன்று இதுதான் முதல் பாடம். பாதியில் நின்றுபோனவனுக்குத் தீர்ப்பும் இதிலிருந்தே வருகிறது: அவனுக்கு மனசு இல்லை.

இந்தத் தீர்ப்பு தவறு என்பது என் கட்சி. தவறு என்பதைவிட, சோம்பேறித்தனமானது என்று சொல்வேன். நின்றுபோனவனுக்கு ஒரு போன் போட்டு "ஏம்ப்பா வரலை?" என்று கேட்கிற வேலையை அது மிச்சப்படுத்திவிடுகிறது.

நான் சேர்ந்தபோது எனக்கு 33 வயது. மேற்குத் தாம்பரத்தில் முடிச்சூர் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு கல்யாண மண்டபம்; அதன் சாப்பாட்டுக் கூடம்தான் எங்கள் பயிற்சிக்களம். காலை 5.45. மேஜைகளை மடக்கிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, பசில் மேட்டுகளைப் பல்லோடு பல் கோத்து விரிக்க வேண்டும். முந்தின நாள் பந்தி நடந்திருந்தால் தரையில் பாயசம் உள்ளங்காலைப் பிடித்து இழுக்கும். விழுவதற்கு இரண்டு பழைய இலவம்பஞ்சு மெத்தைகள், நடுவில் பள்ளம் விழுந்தவை. அங்கேதான் குட்டிக்கரணம், பின்பக்கக் கரணம், கார்ட்வீல், கடைசியில் பல்டி. கம்பும் உண்டு, எங்கள் மாஸ்டர் அடிப்படையில் சிலம்பக்காரர். மேடையில் அலங்காரச் சிலம்பம் ஆடுகிறவர்கள் கம்பைச் சுழற்றியபடியே கரணம் போடுவதைப் பார்த்து மயங்கித்தான் பாதிப் பேர் வந்திருந்தோம்.

பிழைப்புக்குக் கணக்கு எழுதுகிறவன் என்பதால், ஒரு கோடையில் மாஸ்டர் வருகைப் பதிவு நோட்டை என்னிடம் தந்து கம்ப்யூட்டரில் ஏற்றச் சொன்னார். மூன்று வருஷ நோட்டு. ஏற்றிக்கொண்டே வந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. பெயர்களுக்கு நேரே ஆப்சென்ட் விழத் தொடங்கும் இடங்கள் ஆளுக்கு ஆள் மாறவில்லை. எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழுந்தன. கையில் நாள்காட்டியை எடுத்துப் பார்த்தேன். முகூர்த்த நாட்கள்!

மண்டபத்தில் கல்யாணம் என்றால் முந்தின நாளே கூடம் போய்விடும். தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் வாரத்துக்கு இரண்டு கல்யாணம் நடந்தால் வாரத்தில் நான்கு நாள் வகுப்பு இல்லை. ஊரில் நல்ல காரியம் நடக்காத ஆடி, புரட்டாசி, மார்கழிதான் எங்களுக்கு நல்ல காலம். அடுத்த பள்ளம் ஐப்பசி, கார்த்திகை மழை. முடிச்சூரும் வரதராஜபுரமும் 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளத்தில் எப்படிக் கிடந்தன என்பது இந்தப் பக்கத்து ஆட்களுக்கு இன்னும் மறக்கவில்லை. வானிலை மையம் ஆரஞ்சு எச்சரிக்கை என்று சொன்னதுமே பிள்ளைகளை அனுப்பமாட்டார்கள். மார்ச்சில் பப்ளிக் எக்ஸாம். சோழிங்கநல்லூரில் வேலை பார்ப்பவர்களுக்கு ஷிஃப்ட் மாறினால், மேடவாக்கம் வழியாக வீடு வந்து சேரவே நள்ளிரவு ஆகும், 5.45க்கு எங்கே வருவது?

இடைவெளி ஆளை நிறுத்திவிடுவதில்லை. இடைவெளிக்குப் பிறகு திரும்பி வருகிற அந்த ஒரு காலைதான் நிறுத்துகிறது. இரண்டு வாரத்தில் மணிக்கட்டு இறுகியிருக்கும், போன மாதம் வந்த கார்ட்வீல் இப்போது கோணிக்கொள்ளும், கூட இருந்தவன் ஒரு படி மேலே போயிருப்பான், மாஸ்டர் வேறு எல்லார் முன்னாலும் "வாங்க சார், வழி தெரிஞ்சுதா?" என்பார். கிண்டல்தான். ஆனால் அடுத்த நாள் அலாரத்தை அணைக்கும் கைக்கு அது போதும்.

அந்த நோட்டில் ஆப்சென்ட்டே இல்லாத ஒரு பெயர் இருந்தது. ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கும் பையன், 19 வயசு. சேர்ந்தபோது அவனைவிட இறுகிய உடம்பு எங்களில் யாருக்கும் இல்லை. குட்டிக்கரணம் போட்டால் நேரே உருளாமல் பூசணிக்காய் மாதிரி ஒரு பக்கமாகச் சாய்வான். எட்டு மாதத்தில் அவன் நின்ற இடத்திலிருந்து சுத்தமாகப் பின்பல்டி அடித்தான். அன்றைக்கு ஒருவர் அவனிடம் கேட்டார், "தம்பி, எங்கேர்ந்துடா உனக்கு இவ்ளோ வெறி?" அவன் விழித்தான். "வெறியா? மண்டபத்துச் சாவி என்கிட்ட இருக்குண்ணா. நான் வரலைன்னா பதினாலு பேரும் தெருவுல நிப்பீங்க."

அவன் வீடு அடுத்த தெரு என்பதால் வாட்ச்மேன் சாவியை அவனிடம் கொடுத்து வைத்திருந்தார். அவ்வளவுதான் விஷயம். தூக்கம் வந்த நாளிலும் மனசு சரியில்லாத நாளிலும் அவன் வந்தான், வந்துவிட்டதால் நாலு கரணம் போட்டான். ஆர்வம் பிறகு வந்து சேர்ந்தது. இன்று அவனைப் பார்க்கிற யாரும் அவன் பிறவியிலேயே தீயோடு வந்தவன் என்று சத்தியம் செய்வார்கள்.

வெறிக் கட்சிக்காரர்களின் பெரிய ஆதாரம் மாஸ்டர்களின் சொந்தக் கதை. "நாங்கல்லாம் கட்டாந்தரையில விழுந்து கத்துக்கிட்டோம்." உண்மைதான். ஆனால் அதே கட்டாந்தரையில் விழுந்து மணிக்கட்டு முறிந்து, தகப்பன் கையால் மேற்கொண்டு இரண்டு அறையும் வாங்கி, அத்தோடு நின்றுபோனவர்கள் மேடையேறிக் கதை சொல்வதில்லை. அவர்களுக்கும் அதே வெறி இருந்திருக்கலாம். கேட்டால்தானே தெரியும்? தஞ்சைப் பெரிய கோயிலின் மேல்தளத்தில் சிவன் ஆடும் 108 கரணங்களைச் செதுக்கத் தொடங்கி 81 வரை முடித்திருக்கிறார்கள். மிச்சம் 27 கல் வெறுமையாக நிற்கிறது. அதைப் பார்த்துவிட்டு "சிற்பிக்கு மனசு இல்லை" என்று யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. என்ன நடந்ததோ, ஏன் வேலை நின்றதோ என்றுதான் கேட்கிறோம். கல்லுக்குக் காட்டும் அந்த மரியாதையைக் குரோம்பேட்டைப் பையனுக்கும் காட்டலாம்.

அடுத்தது பயம். "பயத்தைக் கொல்" என்பது இந்தக் கட்சியின் கொள்கை முழக்கம். எனக்கு அதில் சொந்த அனுபவம் உண்டு. மூன்று வாரம் மெத்தைக்கு முதுகு காட்டி நின்று ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிவிட்டுக் குதிக்காமலே இறங்கியிருக்கிறேன். மாஸ்டர் கத்தினார், கூட இருந்தவர்கள் கைதட்டினார்கள், நானும் என்னைத் திட்டிக்கொண்டேன். ஒரு நாள் கண்ணை மூடிக்கொண்டு எகிறியே விட்டேன். எகிறிய கணத்தில் தலையைப் பின்னால் எறிந்தேன். மேலே போகவேண்டிய உடம்பு பின்னால் போயிற்று. மெத்தையின் விளிம்பில் பிடரி பட்டது. பத்து நாள் கழுத்து திரும்பவில்லை.

சரி செய்தவர் வகுப்புக்கு எப்போதாவது வந்துபோகும் ஓய்வுபெற்ற பி.டி. வாத்தியார். பயத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எதிர்ச் சுவரில் மண்டபத்துக் கடிகாரம் ஒன்று, பத்து நிமிஷம் பின்தங்கியே ஓடும். "சார், அந்த முள்ளப் பாத்துக்கிட்டே நேரா மேல குதிங்க. கை காதத் தாண்டி மேல போகணும். பல்டிய மறந்துடுங்க." ஒரு வாரம் வெறும் குதிதான். அடுத்த வாரம், குதித்து உச்சிக்குப் போனதும் முழங்காலை மார்புக்கு இழுப்பது. அதற்கடுத்து, சாய்வாக அடுக்கிய மெத்தையில் பின்பக்கக் கரணம். கடைசியில்தான் ஒரு கை என் இடுப்புக்குப் பின்னால், ஒரு கை தொடைக்குப் பின்னால். அன்றைக்குப் பயம் இல்லையா என்றால், இருந்தது. ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்த பயம் அது. முந்தின மூன்று வாரமும் என் உடம்பு என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்று: எனக்கு இன்னும் தெரியாது. அது சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. அதைக் கொல்லச் சொன்னவர்கள்தான் தப்பு.

என் கழுத்து பத்து நாளில் திரும்பிக்கொண்டது. எலெனா முகினாவுக்கு அப்படி ஆகவில்லை. சோவியத் ஜிம்னாஸ்ட், 1978இல் உலக சாம்பியன், மறு ஆண்டு கால் முறிந்தது. சரியாக ஆறுவதற்குள், 1980 மாஸ்கோ ஒலிம்பிக்ஸுக்குச் சில வாரங்களே இருக்கும்போது, தாமஸ் சால்ட்டோ என்ற ஆபத்தான கரணத்தைப் பயிற்சி செய்ய வைத்தார்கள். கழுத்து முறிந்தது. 20 வயதில் கைகால் செயலிழந்து, 2006இல் இறக்கும்வரை அப்படியே இருந்தார். இந்தக் கரணத்தில் என் கழுத்து உடையும் என்று முன்பே சொல்லியிருந்ததாகப் பின்னாளில் பேட்டியில் கூறினார். அவருக்கு வெறி குறைவு என்று எந்த மாஸ்டர் சொல்வார்? அமெரிக்காவின் சிமோன் பைல்ஸ் 2021இல் டோக்கியோவில், அந்தரத்தில் தன் உடம்பு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை என்று சொல்லிப் போட்டியிலிருந்து விலகினார். கோழை என்று எழுதினார்கள். 2024 பாரிஸில் அவர் மூன்று தங்கம் வாங்கினார். பயத்தைக் கேட்டவர் திரும்பி வந்தார் என்பதைத் தவிர நான் வேறு எதுவும் சொல்லவில்லை.

நோட்டில் இன்னொரு பெயர், ஒரு மாதம் வந்து நின்றது. பக்கத்தில் மாஸ்டர் கையெழுத்தில் "ஆர்வம் இல்லை". அந்தப் பெண்ணைத் தாம்பரம் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் தற்செயலாகப் பார்த்தேன். கேட்டேன். "பல்டிக்குப் பிடிக்கிறதுக்கு ஒரு லேடி கிடையாது சார். டிரஸ் மாத்த இடம் கிடையாது. மணமகள் அறைன்னு ஒண்ணு இருக்கு, அதுவும் பூட்டியே இருக்கும். பாத்ரூம்ல பந்திப் பாத்திரம் கிடக்கும். இத யார்கிட்ட போய்ச் சொல்றது?" ஒரு சாவியால் ஒருவன் நிலைத்தான், ஒரு சாவி இல்லாமல் ஒருத்தி நின்றாள். மாஸ்டரிடம் சொன்னேன். கொஞ்சம் முகம் சுருங்கினார், ஆனால் நல்ல மனுஷர். அடுத்த பேட்ச்சில் அவருடைய அண்ணன் மகள் பிடித்துவிடக் கற்றுக்கொண்டாள், மணமகள் அறை திறந்தது. அந்த பேட்ச்சில் சேர்ந்த மூன்று பெண்களும் இன்னும் வருகிறார்கள்.

"21 நாள் விடாமல் செய், பழக்கமாகிவிடும்" என்ற மந்திரத்தையும் இங்கே கவனிக்க வேண்டும், ஏனென்றால் பலரை வீட்டுக்கு அனுப்புவதே அதுதான். அதன் மூலம் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960இல் எழுதிய ஒரு புத்தகம். தம் நோயாளிகளுக்குப் புது முகம் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று அவர் கண்டதை எழுதினார். "குறைந்தது" வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது. லண்டனில் ஃபிலிப்பா லாலியும் கூட்டாளிகளும் 96 பேரைத் தொடர்ந்து பார்த்து வெளியிட்ட ஆய்வில், தண்ணீர் குடிப்பது போன்ற எளிய பழக்கமே படிய நடுவாக 66 நாள் ஆகும் என்று வந்தது; ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை. அதில் எனக்குப் பிடித்தது வேறொரு வரி: இடையில் ஒரு நாள் தவறுவதால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. 22ஆம் நாள் காலையிலும் எழுந்திருக்கச் சிரமப்பட்டு, தன்னிடம்தான் கோளாறு என்று நினைத்து நின்றவர்களை எனக்குத் தெரியும். கோளாறு மந்திரத்தில்.

"முன்னேற்றமே இல்லை" என்ற புலம்பலுக்கும் ஒரு பதில் உண்டு. 1979இல் ஷியா, மார்கன் என்ற இருவர் கை அசைவு வேலைகள் மூன்றை இரண்டு விதமாகக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு கூட்டம் ஒன்றை முடித்துவிட்டு அடுத்தது. மற்றது மூன்றையும் கலந்து கட்டி. பயிற்சியின்போது முதல் கூட்டம்தான் ஜோர். பத்து நாள் கழித்துச் சோதித்தால், கலந்து கட்டித் திணறியவர்கள் கையில்தான் வித்தை தங்கியிருந்தது. ஆக, திணறுகிற நாள் வீணான நாள் என்று முடிவுகட்ட வகுப்பில் நின்றிருக்கும் நமக்கே தகுதி இல்லை.

பழைய சிலம்ப ஆசான்களுக்கு இந்த ஆய்வெல்லாம் தெரியாது, ஆனால் ஒரு காரியம் செய்தார்கள். கம்பைக் கொடுப்பதற்கு முன் சலாம் வரிசையும் காலடிச் சுவடும். ஆறடிக்கு ஆறடி இடம் போதும்; மொட்டை மாடியில் வாட்டர் டேங்க்குக்கும் துணிக்கொடிக்கும் நடுவில் போடலாம்; ஆள் பிடிக்கத் தேவையில்லை. மண்டபம் இல்லாத நாளிலும் செய்ய ஏதோ ஒன்று கையில் இருந்தது. அதற்காக அந்தக் காலத்தைத் தலையில் தூக்கி வைத்து ஆட நான் தயாரில்லை. மாதக்கணக்கில் வாசல் கூட்டவைத்த ஆசான்களும் இருந்தார்கள், வாசல் கூட்டிவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

ஜி.எஸ்.டி. சாலையோரம் எப்போதாவது கழைக்கூத்தாடிக் குடும்பம் ஒன்று கயிறு கட்டும். மூங்கிலைக் குறுக்கே பிடித்துக்கொண்டு அந்தச் சிறுமி நடப்பதைப் பார்த்துக் கைதட்டுகிறோம். அவளிடம் போய் மோட்டிவேஷன் எங்கிருந்து வருகிறது என்று கேட்பவனைக் கயிற்றில் ஏற்றிவிட வேண்டும். தினமும் கயிறு கட்டுகிற வீட்டில் பிறந்தாள். நடந்தால் அன்றைக்கு அரிசி. அந்த நிலைமை எந்தக் குழந்தைக்கும் வேண்டாம். ஆனால் வித்தை எப்படி உடம்பில் ஏறுகிறது என்பதற்கு அவள் சாட்சி, வெறிக் கட்சிக்கு எதிரான சாட்சி.

உடனே ஜிம்னாஸ்ட் தீபா கர்மாகரை இழுப்பார்கள். தட்டைப் பாதம், அகர்தலா, பழைய ஸ்கூட்டர் உதிரிபாகங்களில் செய்த பயிற்சிக் கருவி. 2016 ரியோ ஒலிம்பிக்ஸில் ப்ரொடுனோவா என்ற தாவலைத் தாவி, வெண்கலத்தை 0.150 புள்ளியில் தவறவிட்டு நான்காம் இடம். மனசு இருந்தால் மார்க்கமுண்டு என்பதற்கு இதைவிட என்ன வேண்டும் என்பார்கள். கதையை இன்னும் கொஞ்சம் படிக்க வேண்டும். அப்பா பளுதூக்குதல் பயிற்சியாளர். ஆறு வயதில் ஜிம்னாஸ்டிக்ஸில் விட்டார்கள். பிஸ்வேஸ்வர் நந்தி என்ற பயிற்சியாளர் வருஷக்கணக்கில் கூடவே இருந்தார். கருவி இல்லை என்றதும் ஸ்கூட்டரைப் பிரித்தாவது கருவி செய்து கொடுத்தார்கள். தீபாவின் மனசு பெரிதுதான். அந்த மனசு குதிப்பதற்கு ஒருவர் தளம் கட்டிக் கொடுத்தார் என்பதைத்தான் கதை சொல்பவர்கள் அடிக்குறிப்பாக்கிவிடுகிறார்கள்.

ஆர்வமே வேண்டாம் என்பது என் வாதமில்லை. முதல் நாள் அது வேண்டும். '7ஆம் அறிவு' பார்த்துவிட்டோ, பெசன்ட் நகர் மணலில் பையன்கள் பல்டி அடிப்பதைப் பார்த்துவிட்டோ ஒருவன் மண்டப வாசலுக்கு வருகிறான் என்றால் அது ஆர்வத்தின் வேலை. ஷேர் ஆட்டோ மாதிரி. வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடும், மாடிப்படி ஏறாது.

2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாகச் சேர்க்கப்பட்டது. எங்கள் வகுப்பில் எல்லோரும் செல்போனில் பார்த்துப் பூரித்தோம், பசில் மேட்டில் உட்கார்ந்துகொண்டு. ஜிம்னாஸ்டிக்ஸ் தளம் என்றால் 12 மீட்டருக்கு 12 மீட்டர், அடியில் ஸ்பிரிங். இந்தப் பக்கம் நான் ஏறி இறங்கிய வகுப்புகள் ஒன்றில்கூட அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. அதைக்கூட இப்போது கேட்கவில்லை. ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து 2021இல் தாம்பரத்தை மாநகராட்சி ஆக்கினார்கள். அதன் எல்லைக்குள் எத்தனையோ அரசுப் பள்ளிகள். காலை ஐந்தரையிலிருந்து ஏழரை வரை, மழை புகாத ஒரு ஹாலை வார்டுக்கு ஒன்று திறந்துவிடட்டும். கூடவே பெண்கள் உடை மாற்ற ஓர் அறை. அதன்பிறகும் பையன்கள் நின்றுபோனால் வெறியைப் பற்றிப் பேசலாம், நானே முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்கிறேன்.

மாஸ்டர் கட்சி மாறிவிட்டார் என்று சொல்ல முடியாது. இப்போதும் வெறி, தீ என்றெல்லாம் பேசுவார். ஆனால் சாவியை மாதம் ஒருவராக மாற்றிக் கொடுக்கிறார். இந்த மாதம் என்னிடம். நேற்றிரவு பத்தரைக்கு வாட்ஸ்அப்பில் அவர் போட்டது: "நாளைக்கு முகூர்த்தம் இல்ல. 5.45. மண்டபத்துல நைட் ரிசப்ஷன் நடந்திருக்கு, மேட் போடறதுக்கு முன்னாடி கூட்டணும். சார் சீக்கிரம் வாங்க."

அலாரத்தை ஐந்துக்கு வைத்தேன். வர மனசே இல்லை.